ஐந்தாவது மணி நேரம்

ஹிலாரியா கொரைராவுக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்று தூத்துக்குடியில் சொல்வார்கள். இது அநியாயமான பேச்சு. காரணம் எப்போதும் இருந்தது. ஊரில் இருந்த எல்லார் காதுக்குப் பின்னாலும் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பட்டை என்றார்கள். சுண்டுவிரல் நகத்தின் அகலம், தோல் நிறம், ஒட்டியிருப்பதே தெரியாது. பாலைச் சுண்டக் காய்ச்சுவதுபோல எட்டு மணி நேரச் சங்கதியை நாலு நிமிஷமாகச் சுண்டி மண்டைக்குள் இறக்கிவிடும். கண்ணை மூடித் திறந்தால், எட்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட நினைவு முழுசாக இருக்கும். நடுவில் கால் மரத்துப்போனதும், தண்ணீர் குடிக்க எழுந்து போனதும்கூட நினைவிருக்கும், யாரும் எங்கும் எழுந்து போகாமலே. முதலில் கல்லூரிப் பாடத்துக்கு வந்தது. பிறகு பிரசங்கத்துக்கு, பிறகு கோர்ட்டில் சாட்சி கேட்க. கடைசியில், படுக்கையில் கிடக்கும் பெரியப்பாவின் புலம்பலைப் பதிவுசெய்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுண்டிக் கேட்டுவிட்டு, மனசே சரியில்லை என்று கண்ணீர் விடுகிற அளவுக்கு வந்துவிட்டது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை என்பதுதான் ஹிலாரியாவுக்குப் பொறுக்கவில்லை. இப்படி மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று மேடை மேடையாகக் கேட்டாள். இன்னும் நாலு விஷயத்தைச் சுண்டிக் கேட்டார்கள், வேறென்ன.

அவள் செய்ததோ நீளமான இசை. சின்னது என்றாலே மூன்று மணி நேரம் ஓடும். கச்சேரிக்காரர்கள் அதை இசை என்று ஒப்புக்கொள்ளவில்லை, சினிமாக்காரர்கள் அதைச் சத்தம் என்றுகூட ஒப்புக்கொள்ளவில்லை. ஓர் ஒலி தொடங்கும், மாறுவது தெரியாமல் மாறும், எப்போது மாறியது என்று நீங்கள் யோசிக்கும்போது மறுபடி மாறியிருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்கு உட்கார்ந்திருக்க வேண்டும்.

உங்களைப் பாதித்தவர்கள் யார் என்று பேட்டிக்காரர்கள் கேட்டால் அவள் மேதைகளின் பெயர் எதையும் சொல்லமாட்டாள். பதினோரு வயதில் ஒரு ஞாயிறு பூசையில் ஆர்கனின் ஒரு கட்டை அமுங்கி மாட்டிக்கொண்டது. பூசை முடியும்வரை அந்த ஒற்றைச் சுரம் ஓடிக்கொண்டே இருந்தது. உபதேசியார் நெளிந்தார், சாமியார் முறைத்தார், அவள் மட்டும் அது நின்றபோது அழுதாள். பிறகு திரேஸ்புரத்தில் ஓர் ஐஸ் பேக்டரியின் கம்பிரஸர். தோணிக்கு ஐஸ் வாங்கப்போய் வரிசையில் நின்ற மத்தியானங்களில், அந்த ஒரே இரைச்சலுக்குள் ஏழு ஒலிகள் இருப்பதை எண்ணிக் கண்டுபிடித்தாள். பிறகு பெயர் தெரியாத ஒரு நாகசுரக்காரர். சப்பரத்தின் அச்சு முறிந்து தெருமுக்கில் நின்றுவிட, ஆசாரி வந்து சரிசெய்யும் மூன்றரை மணி நேரமும் அவர் ஒரே ராகத்தை விடாமல் வாசித்தார். சாமி நகராததால் ராகமும் நகரக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் மேலே பௌலின் மோத்தா.

பௌலின் காலால் மிதித்துக் காற்றேற்றும் பழைய பெடல் ஹார்மோனியம் வாசிப்பவள். முதன்முதலில் சந்தித்த அன்று ஒரு சுரத்தை அமுக்கிவிட்டு, அடுத்தது எது என்று முடிவுசெய்ய ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். ஹிலாரியா அந்த ஒரு மணி நேரமும் நாற்காலியை விட்டு நகரவில்லை. அன்றிலிருந்து இருபத்தேழு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்தே வாசித்தார்கள். அவர்களுக்குள் ஒரு கட்டளை இருந்தது. ஒருத்தி வாசித்தால் மற்றவள் பக்கத்து நாற்காலியில் முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பேச்சு கூடாது, கைவேலை கூடாது. துணை இருப்பது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் வந்த 'பாத்தி' அவர்களுடைய பெரிய வேலை. எட்டு மணி நேரம். அதில் ஐந்தாவது மணி நேரத்தில் நாற்பத்தொரு நிமிஷம் பௌலின் தனியாக வாசிக்கும் பகுதி. நாடு முழுக்க அதைக் கேட்டார்கள், அதாவது சுண்டிக் கேட்டார்கள். விருதும் கொடுத்தார்கள், விருதுக் குழுவின் அறிக்கையில் அந்த நாற்பத்தொரு நிமிஷத்துக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதினார்கள். ஆறு மாதத்தில் பௌலின் செத்துப்போனாள். கழுத்துத் தண்டுவடத்தில் கட்டி. ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிய பிறகுதான் ஹிலாரியாவுக்கு விஷயமே தெரிந்தது. இருபத்தேழு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்ற ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்த ஆத்திரத்தில் கல்லறைத் திருநாளுக்குக்கூட அவள் மெழுகுவர்த்தி ஏற்றப் போவதில்லை.

அவளிடம் மிச்சம் இருந்தது அந்த நாற்பத்தொரு நிமிஷம்தான். பௌலின் கடைசியாக வாசித்தது அது.

அப்படியிருக்கும்போதுதான் வேம்பாரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மாடக்கண்ணு, உப்பளத்தில் தண்ணீர் மோட்டார் ஓட்டுகிறவர். சின்ன வயதில் வலிப்பு வந்தவர் என்பதால் பட்டை ஒட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதனால் 'பாத்தி'யை அளத்தில் வேலை பார்த்துக்கொண்டே, எட்டு மணி நேரத்தையும் எட்டு மணி நேரமாகவே கேட்டிருக்கிறார். பதினொரு தடவை. நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு சந்தேகம்.

"ஐந்தாவது மணியில் நாற்பது நிமிஷம் போல ஒன்றுமே கேட்கவில்லை அம்மா. என் ரேடியோதான் கோளாறோ என்று வேறு இரண்டில் போட்டுப் பார்த்தேன். அதிலும் இல்லை. அது அப்படித்தானா, இல்லை விட்டுப்போச்சா என்று தெரிந்தால் நல்லது."

ஹிலாரியா முதலில் மாடக்கண்ணுவைத்தான் திட்டினாள். பிறகு வெளியான ஒலிக்கோப்பை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஐந்தாவது மணிக்கு வந்ததும் ஒலி தேய்ந்து, பௌலின் எழும்ப வேண்டிய இடத்தில் எதுவும் எழும்பவில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தாள், பத்து நிமிஷம் பார்த்தாள். தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனது தெளிவாகக் கேட்டது.

இல்லாத ஒன்றுக்கு விருது கொடுத்திருக்கிறார்கள். இல்லாத ஒன்றைக் கேட்டு ஒரு நாடே அழுதிருக்கிறது. மூன்று வருஷத்தில் ஒரு ஆள், மோட்டார் ஓட்டுகிற ஒரே ஒரு ஆள், காதால் கேட்டிருக்கிறார். மற்ற எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து அறைய வேண்டும்போல இருந்தது. முதல் அறைக்குக் கைக்கெட்டிய தூரத்தில் கிங்ஸ்லி இருந்தான்.

கிங்ஸ்லி அவளுடைய ஒலிப்பதிவாளன், பத்து வருஷமாகக் கூட இருப்பவன். பதிவுசெய்ததும் கோர்த்ததும் அனுப்பியதும் அவன்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவனைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். அவன் கடிதத்தைப் படித்தான், கோப்பைப் போட்டுக் கேட்டான், முகம் செத்துப்போயிற்று. எட்டு மணி நேரத்தைத் திரையில் விரித்தால் ஐந்தாவது மணி எப்போதும் நூல்கோடாகத்தான் தெரியும் என்றும், அது அவ்வளவு தாழ்ந்து ஒலிக்கிற பகுதி என்றும், அதனால் கண்ணுக்குப் படவில்லை என்றும் சொன்னான்.

"கண்ண விடு. காதால கேட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சுண்டித்தான்க்கா கேட்டேன். எட்டு மணி நேரத்த இருபது தடவ போட்டுக் கேக்க எங்க நேரம். இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தான் செய்யுதாங்க. ஆனா நீங்க கேட்டுட்டு, இதுல கைய வைக்காதன்னு சொன்னீங்கள்லா. நீங்க கேட்டாச்சுன்னா அதுக்கு மேல என்னன்னு விட்டுட்டேன்."

ஹிலாரியா அடுத்த வசவுக்கு வாயைத் திறந்தாள். வசவு வரவில்லை.

அவளிடமும் ஒரு பட்டை இருந்தது. மேசை இழுப்பறையில், ஜெபமாலைப் பெட்டிக்கு அடியில். யாருக்கும் தெரியாது. வேலைக்கு மட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வாங்கியது. எட்டு மணி நேர இசையில் ஒரு இடத்தைத் திருத்தினால் மறுபடி எட்டு மணி நேரம் கேட்க வேண்டும். நாலு திருத்தம் செய்தால் வாரம் போய்விடும். ஊரார் கேட்பதற்குத்தான் முழு நேரம், செய்கிறவளுக்குச் சோதித்துப் பார்த்தால் போதும் என்று எப்படியோ ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்திருந்தாள். பௌலின் அந்தப் பகுதியை வாசித்த அன்று ஹிலாரியா துணை இருக்கவில்லை. மதுரையில் ஒரு கூட்டம். பட்டையை எதிர்த்துப் பேசத்தான் போயிருந்தாள், நன்றாகவே பேசினாள், எழுந்து நின்று கை தட்டினார்கள். கிங்ஸ்லி கருவியை ஓடவிட்டுவிட்டு அவளுக்குக் கார் ஓட்டப் போயிருந்தான். சாயங்காலம் திரும்பி வந்தபோது பதிவு தயாராக இருந்தது, இரவுக்குள் 'பாத்தி'யை வெளியிடும் விழாக்காரர்களுக்கு அனுப்பியாக வேண்டும். இழுப்பறையைத் திறந்தாள். இருபது விநாடி. அற்புதமாக இருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிய, கிங்ஸ்லிக்குப் போன் செய்து கை வைக்காதே என்று சொன்னாள்.

இப்போது அதை நினைத்து அவமானப்பட்டிருக்க வேண்டும். அவள் என்ன செய்தாள் என்றால், பட்டைக் கம்பெனிக்குப் போன் செய்து கத்தினாள்.

அவர்கள் பயந்திருப்பார்கள்போல. மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் சென்னையிலிருந்து நிரஞ்சன் என்று ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி கலையாத சட்டை, தணிந்த குரல். காபி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டார். கிங்ஸ்லி ஓரமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் அந்தக் கோப்பையே குடைந்துகொண்டிருந்தான்.

"மேடம், பட்டை உங்க காதுக்குச் சத்தத்தை அனுப்பறதில்ல," என்றார் நிரஞ்சன். "வரைபடம் மாதிரி ஒண்ணை அனுப்புது. எங்க ஏறுது, எங்க இறங்குது, யார் வாசிக்கறாங்க, அவ்வளவுதான். மிச்சத்தை உங்க மூளையே போட்டுக்கும். முதல் நாலு மணி நேரம் கேட்ட மூளைக்கு அஞ்சாவது மணி எப்படி இருக்கணும்னு தெரியும். ஓட்டை இருந்தா அதுவே அடைச்சிடும்."

"அப்போ நான் கேட்டது?"

"பௌலின் மேடத்தை இருபத்தேழு வருஷமாக் கேட்டவங்க நீங்க. உங்க மூளை போட்டதுதான் இருக்கறதுலயே பெஸ்டா இருந்திருக்கும்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, கம்பெனி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது என்றார். கேட்டவர்களின் நினைவிலிருந்து அந்த இடத்தைத் திரும்ப எடுத்து, சராசரி பார்த்து, ஒலியாக்கிவிட முடியும். விட்டுப்போன பகுதி கிடைத்துவிட்டது என்று அறிவித்துவிடலாம். யாருக்கும் அவமானம் இல்லை, விருதுக் குழுவுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. மாதிரிக்கு ஒன்று கொண்டுவந்திருந்தார். போட்டார்.

பௌலின்தான். சந்தேகமே இல்லை. அடிச் சுரம் மெல்ல எழும்பி, அதன்மேல் அவள் வழக்கமாகத் தயங்கும் இடத்தில் தயங்கி, வழக்கமாக இறங்கும் இடத்தில் இறங்கியது. சரி என்று சொல்லிவிடலாம் என்று ஹிலாரியா ஒரு நிமிஷம் முழுசாக நினைத்தாள். வெட்கமில்லாமல் நினைத்தாள். சரி என்றால் பௌலின் கிடைத்துவிடுவாள்.

அப்புறம் அவளுக்கு என்னவோ உறுத்தியது. காற்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"இவளுக்கு எடது கால் கெடையாதா?" என்று கேட்டாள்.

நிரஞ்சன் ஒலியை நிறுத்தினார்.

"பௌலினுக்கு எடது கால் ஒரு அரை விரக்கடை குட்ட. மிதிக்கும்போது ரெண்டு மிதிக்கு ஒருதரம் காத்து லேசா நொண்டும். இருபத்தேழு வருஷம் அந்த நொண்டலக் கேட்டு அதுக்கு ஏத்த மாதிரிதான் நான் எல்லாத்தையும் செஞ்சேன். எங்க இசையே அதுலதான் நடந்துச்சு. ஒங்க அத்தன ஆயிரம் பேருக்கும் அது ஞாபகம் இல்ல. ஏன் ஞாபகம் இல்ல? எவனும் கேக்கல. அவ கால வெட்டிட்டு அவளக் கொண்டுவந்து எனக்கே தாரீங்களா?"

அவர் அதையும் சேர்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கக் கூடாது. சொன்னார். ஹிலாரியா அவருடைய பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள். காபித் தம்ளரை மட்டும் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தால், கிங்ஸ்லி ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது விட்டுப்போன எடம் இல்ல," என்றான்.

அவள் திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"மைக் அணைஞ்சிருந்தா கோடு பொட்டுகூட இல்லாம தட்டையா இருக்கும். இது அப்படி இல்ல. மைக் ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. ஹார்மோனியத்தோட மரப்பலகையில ஒட்டுன மைக்கு அது, பலகைக்குள்ள வர்றதத்தான் எடுக்கும். பலகை முழுக்க என்னமோ இருக்கு. நூறு மடங்கு ஏத்துனாத்தான் தெரியும்."

"ஏத்து."

ஏற்றினான். அறை முழுக்க இரைச்சல் நிறைந்தது. இரைச்சலுக்குள் பழகப் பழக ஒவ்வொன்றாகத் தெரிந்தது. துருத்தி மூச்சு விடுகிற சத்தம், மிதியின் கிறீச், இரண்டு மிதிக்கு ஒருதரம் அந்தச் சின்ன நொண்டல். பௌலின் மிதித்துக்கொண்டிருந்தாள். சுரம்தான் இல்லை. கட்டைகளின்மேல் நகம் உரசுவது கேட்டது, ஒரு கட்டைகூட அமுங்கவில்லை. ஹிலாரியா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். மிதி நிற்கவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கியது. கிங்ஸ்லி ஏதோ சொல்ல வந்தபோது கையைக் காட்டி அடக்கினாள். முப்பத்துமூன்றாவது நிமிஷத்தில் மிதி நின்றது.

"ஏட்டி ஹிலாரி."

பலகை வழியாக வந்த குரல் அடைத்திருந்தது, ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"வெரல் மடங்க மாட்டேங்குது. அரைமணி நேரமா மிதிச்சுக்கிட்டே இருக்கேன், ஒரு கட்டைய அமுக்க முடியல. கழுத்துல கட்டின்னு சொல்லுதாங்க. ஆபரேசன் பண்ணுனா உசுரு நிக்கும், கை போயிருமாம். ஒன் மூஞ்சியப் பாத்து இத என்னால சொல்ல முடியாது, அழுதுருவேன். அதான் இதுல சொல்லுதேன். ஊருல எவ கேக்காட்டாலும் நீ முழுசா உக்காந்து கேப்ப."

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"பண்ணிக்கன்னு நீ வந்து சொன்னா பண்ணிக்கிடுதேன். வாசிக்க முடியலன்னா என்ன, பக்கத்து நாற்காலி எனக்குப் போதும். நீ ஒண்ணும் சொல்லலன்னா, வேண்டாம்னு எடுத்துக்கிடுதேன்."

மறுபடியும் மிதி தொடங்கியது. இரண்டு மிதிக்கு ஒருதரம் நொண்டிக்கொண்டு, மீதி எட்டு நிமிஷமும் ஓடி, ஆறாவது மணிக்குள் கரைந்துபோனது.

பதிவு நடந்த அன்று இரவு, கோப்பை அனுப்பிய கையோடு ஹிலாரியா பௌலின் வீட்டுக்கு ஓடியிருந்தாள். வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு, நீ இதுவரைக்கும் வாசித்ததிலேயே இதுதான்டி உச்சம் என்றாள். பௌலின் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முழுசாகக் கேட்டாயா என்று கேட்டாள். கேட்டேன் என்றாள் ஹிலாரியா, ஒரு நிமிஷம் விடாமல். பௌலின் சரி என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுப் போ என்று உள்ளே போய் மீன்குழம்பைச் சூடுபண்ணினாள். இவள் கேட்கவே இல்லை என்று பௌலின் கண்டுபிடித்துவிட்டாளா, இல்லை, கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாளா. எதை நினைத்துக்கொண்டு அந்த ஆறு மாதத்தையும் ஓட்டினாள். ஹிலாரியா உலகத்தில் எவனிடம் போய் இதைக் கேட்பாள். கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்க்கலாம், விருதுக் குழுவைத் திட்டலாம், நாட்டையே திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது. நாற்காலியின் கையை அவள் முஷ்டியால் குத்தினாள். மறுபடி குத்தினாள். விரல் மடங்கியது, வலித்தது.

கிங்ஸ்லி சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மறுபடி ஒருதரம் கேட்கிறீர்களா அக்கா என்று மெதுவாகக் கேட்டான். அவள் தலையாட்டியதும், பௌலின் பேசத் தொடங்கும் இடத்துக்குக் கோட்டை நகர்த்தக் கையை நீட்டினான்.

ஹிலாரியா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கோட்டை முப்பத்துமூன்று நிமிஷம் முன்னால், மிதி தொடங்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்து, பேசாமல் உட்காரச் சொன்னாள்.